இலை வெந்த தண்ணீர்

பிப்ரவரி 4, செவ்வாய்

டைரி எழுதும் பழக்கம் எனக்குக் கிடையாது. முப்பது வருஷம் ஓவிய டீச்சராக இருந்தவள் நான். கோடு போடச் சொன்னால் போடுவேன், எழுதச் சொன்னால் கை சண்டித்தனம் பண்ணும். ஆனாலும் இன்று வந்த போனை எங்காவது எழுதி வைக்காவிட்டால் நாளைக்கு எனக்கே நம்பிக்கை வராது. அதனால் மருந்துக்கடைக்காரர் என் வீட்டுக்காரருக்குக் கொடுத்த டைரியைப் பிடுங்கிக்கொண்டேன்.

கோயம்புத்தூரிலிருந்து தீபிகா என்றொரு பெண் பேசினாள். கலைக்கூடம் நடத்துகிறாளாம். போன வருஷம் நான் தென்னம்பாளையிலும் அரசிலை நரம்பிலும் செய்த சின்ன மரத்தை யார் வீட்டிலோ பார்த்திருக்கிறாள். "ஆன்ட்டி, அதே மரம், ஆனா ஆள் ஒசரத்துக்கு மேல வேணும். நடு ஹால்ல அது ஒண்ணுதான் நிக்கும். மே இருபத்தி நாலு ஓப்பனிங்" என்றாள். ஆன்ட்டி என்றதற்கு வேறு நாளாக இருந்தால் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். இன்று வாயே எழவில்லை. அடுப்பில் பால் பொங்கி வழிந்து, தீய்ந்த வாசனை வந்த பிறகுதான் எனக்கு உயிர் வந்தது.

எல்லாம் வாசலில் நிற்கிற அரச மரத்தின் புண்ணியம். எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டு நாச்சிமுத்து அண்ணன் வீட்டுக்கும் நடுவில் ரோட்டோரம் நிற்கிறது. நாங்கள் பொள்ளாச்சிக்குக் குடிவந்தபோது என் இடுப்பளவுதான் இருந்தது. ரோடு போட்டவர்கள் சுற்றிலும் தொட்டி போலச் சிமெண்ட் வட்டம் கட்டி, அதற்குள் ஒரு சின்னப் பிள்ளையாரையும் யாரோ வைத்துவிட்டார்கள்.

விழுந்த இலையை மட்டும்தான் நான் எடுப்பேன், மரத்தில் கை வைக்க மாட்டேன். பொறுக்கிய இலையைத் தொட்டியில் ஒரு மாதத்துக்கு மேல் ஊறப் போட்டால் சதை அழுகி, நரம்பு மட்டும் சல்லடைத் துணி மாதிரி மிஞ்சும். அந்த நாற்றத் தண்ணீரை வாளியில் மொண்டு மரத்துக்கே ஊற்றுவேன். அதன் சத்து அதற்கே போகட்டும். இந்தத் தெருவில் எந்த மரத்துக்கும் இல்லாத கொழுப்பு எங்கள் மரத்துக்கு இருக்கிறதென்றால் சும்மாவா?

இந்தத் தடவை ஆயிரக்கணக்கில் இலை வேண்டும். ஊறப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் வேலை நடக்காது. சலவை சோடாவைப் போட்டு வேகவைத்தால் ஒரே பொழுதில் பச்சை கழன்றுவிடும் என்று யூடியூபில் ஒருத்தி காட்டினாள். பெரிய அண்டாவைப் பரணிலிருந்து இறக்கச் சொல்லியிருக்கிறேன். இவருக்கு முதுகு வலியாம். அண்டா என்றதும் முதுகு வலி வந்துவிடும்.

பிப்ரவரி 7, வெள்ளி

சோடா வெற்றி! மத்தியானம் போட்டது, விளக்கு வைக்கும் நேரத்தில் பிரஷ்ஷால் தேய்த்தால் பச்சை வழுக்கிக்கொண்டு போகிறது. விரல் நுனி எரிகிறது. கையுறை வாங்க வேண்டும். அண்டாத் தண்ணீர் டிக்காஷன் நிறத்தில் இருந்தது. ஆறவைத்து, வழக்கம் போல மரத்துக்கு ஊற்றினேன்.

பிப்ரவரி 19, புதன்

இலை உதிர்காலம். காலையில் வாசலைத் திறந்தால் மஞ்சள் பாய் விரித்திருக்கிறது. எனக்குத் திருவிழாதான். கூடை கூடையாக அள்ளுகிறேன்.

நாச்சிமுத்து அண்ணன் மஞ்சி நார் மூட்டையோடு வந்தார். அவருக்கு ஊருக்கு வெளியே தேங்காய் மட்டை மில் இருக்கிறது. என் சிற்ப மரத்துக்கு அடிமரம் திரிக்கிற நார் அவர் கொடுப்பதுதான். காசு கேட்டால் கோபித்துக்கொள்வார். வந்தவர் நேராகப் போகாமல் திண்டாடிக்கொண்டு நின்றார்.

"டீச்சர், தாரிணி கல்யாணம் வைகாசில வெச்சுருக்குதுங். ஜூன் அஞ்சு."

"தெரியுமுங்கண்ணா. அதுக்கெதுக்கு இப்புடிப் பம்முறீங்க?"

"அரசாணிக்காலுக்குக் கெளை வேணுமுங். இந்த மரத்துல வெட்டிக்கலாமான்னு..."

கொங்கு நாட்டுக் கல்யாணத்தில் மணவறைக்குப் பக்கத்தில் மூன்று கவை விட்ட பால்மரக் கிளை ஒன்றை நட்டுத்தான் சடங்கெல்லாம் செய்வார்கள். அதுதான் அரசாணிக்கால். அரச மரத்திலேயே கிடைத்தால் விசேஷம். என் கண் முன்னால் வளர்ந்த அவர் மகள் கல்யாணத்துக்கு என் மரத்துக் கிளை போகிறதென்றால் கசக்குமா?

"மரம் என்ன எங்கப்பன் ஊட்டுச் சொத்துங்களா? ஒரு கெளைதான். ரெண்டாவதுல அருவா பட்டுச்சுன்னா உங்களைக் கட்டி வெச்சுருவேன்" என்றேன். சிரித்தார். போகும்போது மட்டும், "வேரு நம்ம செவுத்தப் பொளக்குதுங், கேட்டும் தொறக்க முடியல. கல்யாணம் முடியட்டும், ஒரு வழி பண்ணோணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அது எனக்குப் பிடிக்கவில்லை.

மாலையில் தண்ணீர் ஊற்றும்போது இவர் வந்து நின்றுகொண்டு, "லோகு, அதைச் சாக்கடைல ஊத்தீரேன். சோடா நெடி அடிக்குது" என்றார். மின்வாரியத்தில் கம்பம் ஏறியவருக்கு மரத்தைப் பற்றி என்ன தெரியும்? சொன்னேன். உள்ளே போய்விட்டார்.

மார்ச் 14, வெள்ளி

அடிமரம் நிமிர்ந்துவிட்டது! தென்னம்பாளைகளை அடுக்கி, மேலே மஞ்சியைத் திரித்துச் சுற்றி, வேர் இருக்கிற இடத்தில் காய்ந்த மட்டைகளைப் பதித்தேன். மொட்டை மாடியில் பந்தலுக்கடியில் நிற்கிறது. இவர் ஏணியைப் பிடித்துக்கொண்டு, "உசுரோட நிக்கற மாதிரி இருக்குது லோகு" என்றார். இந்த மனுஷன் வாயிலிருந்து பாராட்டு வந்தால் மழை வரும்.

வாசல் மரத்திலும் கொழுந்து வந்துவிட்டது. செம்பு நிறத்தில் பளபளவென்று. இரண்டு வாளி ஊற்றினேன்.

மார்ச் 27, வியாழன்

காலையில் கோலம் போடக் குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். வாசல் முழுக்கக் கொழுந்து. உதிர்கிற வயசா அதற்கு? எடுத்துப் பார்த்தேன். ஓரமெல்லாம் கருகி, நெருப்பில் வாட்டின மாதிரி சுருண்டிருக்கிறது. கோலப்பொடி டப்பாவை அங்கேயே போட்டுவிட்டு இவரைக் கூப்பிட்டேன். இவர் மரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

வெயில்தான். இந்த வருஷம் வெயில் சும்மா இல்லை. இனிமேல் காலையிலும் ஒரு வாளி ஊற்ற வேண்டும்.

ஏப்ரல் 2, புதன்

பஸ் ஸ்டாண்டு பக்கம் போயிருந்தேன். அங்கே இருக்கிற அரச மரம் பச்சைக் குடை பிடித்து நிற்கிறது. வால்பாறை ரோட்டில் இருக்கிறதும் அப்படியே. வெயில் எங்கள் தெருவுக்கு மட்டுமா அடிக்கிறது? வீட்டுக்கு வந்து பார்த்தால் எங்களது மொட்டையாக நிற்கிறது.

அப்போதுதான் கண்ணில் பட்டது. நாச்சிமுத்து வீட்டு மதில் ஓரமாக ஒரு நீல டிரம். மில்லிலிருந்து வந்ததாக இருக்கும். மூடி போட்டிருக்கிறது. போன மாதம் அது அங்கே இல்லை.

"ஒரு வழி பண்ணோணும்" என்றாரே!

ஏப்ரல் 6, ஞாயிறு

கேட்டுவிட்டேன். நடுத்தெருவில் நிற்க வைத்துக் கேட்டுவிட்டேன்.

காலையில் அவர் வண்டியை எடுக்க வந்தார். நான் மரத்தடியில் வாளியோடு நின்றிருந்தேன். "அண்ணா, அந்த டிரம்முல என்னங்?" என்றேன். "பெயிண்டுக்காரன் வெச்சுட்டுப் போன தின்னருங். கல்யாணத்துக்கு ஊட்டுக்கு வெள்ளை அடிக்கறமுங்கல்ல" என்றார். அவ்வளவுதான், எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை.

"வெள்ளையடிக்கவா, மரத்துக்கு ஊத்திக் கொல்லவா?"

அவருக்கு முகம் செத்துப்போயிற்று. தெருவில் ஒவ்வொரு கதவாகத் திறந்தது. நான் நிறுத்தவில்லை. கேட்டுக்குக் குறுக்கே நிற்கிறதென்று, சுவரைப் பிளக்கிறதென்று, பிள்ளையார் குந்தியிருக்கிற மரத்தை மருந்து வைத்துச் சாகடித்த பாவி என்றேன். பாவி என்றுதான் சொன்னேன்.

அவரும் சும்மா இருக்கிற ஆள் இல்லை. "நானா ஊத்தறேன்? காலைலயும் பொழுதோடயும் வாளியும் கையுமா இந்த மரத்தடியில நிக்கறது யாருங்? மொதல்ல உங்க வாளியை மோந்து பாருங்க டீச்சர்!" என்று கத்தினார்.

கேட்டீர்களா அக்கிரமத்தை? வெயிலில் தண்ணீர் ஊற்றிக் காப்பாற்றுகிறவள் மேலேயே பழி! தெரு மொத்தமும் என் பக்கம்தான். மளிகைக்கடை வரைக்கும் பேச்சு இதேதான்.

ஏப்ரல் 7, திங்கள்

இவர் சாப்பிடவில்லை. கேட்டால் வயிறு சரியில்லையாம்.

ஏப்ரல் 18, வெள்ளி

மூட்டையில் இருந்த மஞ்சி தீர்ந்துவிட்டது. கடையில் வாங்கினேன். அது மட்டமான நார், கையில் குத்துகிறது.

மரத்தின் பட்டை ஒரு பக்கம் வெடித்திருக்கிறது. விரலால் தள்ளினால் உரிகிறது. இவர் விடிவதற்கு முன்னால் எழுந்து, சிமெண்ட் வட்டத்துக்குள் இருக்கிற மண்ணைக் கடப்பாரையால் தோண்டிக் கூடையில் அள்ளிக்கொண்டிருந்தார். மண் மேலே வெள்ளையாகப் பூத்திருந்தது. முதுகு வலிக்காரர்!

"என்னங்க பண்றீங்க?"

"புது மண்ணு போடலாமுன்னு."

"நாச்சிமுத்து ஊத்துன மருந்து எறங்கி இருக்கும், ஆழமாத் தோண்டுங்க" என்றேன். இவர் கடப்பாரையை ஊன்றிக்கொண்டு என்னையே பார்த்தார். ஏதோ சொல்ல வந்த மாதிரி இருந்தது. அப்புறம், "நீ இங்க கொஞ்ச நாளைக்கு ஒண்ணும் ஊத்த வேண்டாம் லோகு. லாரித் தண்ணி சொல்லியிருக்கறேன், நான் பாத்துக்கறேன்" என்றார். என் மேல் எத்தனை பரிவு என்று நினைத்துக்கொண்டேன். நான் ஊற்றாமல் இருப்பேனா? இவர் மருந்து வாங்கப் போன நேரத்தில் ஒரு வாளி ஊற்றினேன். போட்டி போட்டுக்கொண்டு செய்தால்தான் மரம் பிழைக்கும்.

பொறுக்கி வைத்திருக்கிற இலைகளே போதும், வேகவைப்பதுதான் பாக்கி. பாதிக் கிளைகள் கட்டியாகிவிட்டது.

ஏப்ரல் 29, செவ்வாய்

பூவாத்தா அக்கா வந்தாள். நாச்சிமுத்துவின் மனைவி. சண்டைக்குப் பிறகு முதல் தடவை. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"லோகு, மாப்பள ஊட்டுக்கு விசயம் போயிருச்சு. அரச மரத்தைக் கொன்ன ஊட்டுல எப்புடி அரசாணிக்கால் நடறதுன்னு அந்தப் பையனோட பெரீப்பா கேக்கறாராம். தேதியத் தள்ளலாமுன்னு பேசறாங்க. தள்ளறதுன்னா என்னன்னு உனக்கே தெரியும். தாரிணி ரெண்டு நாளாத் தண்ணி கூடக் குடிக்கல. நீ ஒரு வார்த்தை, கோவத்துல சொல்லிப்போட்டேன்னு..."

தூக்கிவாரிப் போட்டது எனக்கு. கல்யாணம் வரைக்கும் போகும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் இல்லாததை எப்படிச் சொல்வது? "அக்கா, தாரிணி எனக்கும் பொண்ணுதான். ஆனா உங்க ஊட்டுக்காரரு பண்ணுனது தப்பு. அவரு வந்து ஒத்துக்கட்டும், நானே மாப்பள ஊட்டுல பேசறேன்" என்றேன்.

அவள் அழவில்லை. கதவு வரைக்கும் போய்த் திரும்பி, "நீ நல்லவதான் லோகு. உன்கிட்டப் பேசறதுதான் கஷ்டம்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

என்ன பேச்சு இது? நான் நியாயத்தைச் சொன்னேன். நிம்மதியாகத் தூங்குவேன்.

ஏப்ரல் 30, புதன்

தூக்கம் வரவில்லை. புழுக்கம்.

மே 5, திங்கள்

இவர் ஒரு காரியம் செய்தார். எங்கள் தண்ணீர்த் தொட்டிச் சுவரின் வெடிப்பில் ஒரு அரசங்கன்று முளைத்திருந்தது. அதை வேரோடு பெயர்த்து, நல்ல மண் போட்டுத் தொட்டியில் வைத்துக் கொடுத்தார். வாசல் மரத்தின் பிள்ளைதான். நாலு இலை, விரல் நீளத் தண்டு. எனக்கு அழுகை வந்துவிட்டது.

இதை வாசலில் வைக்க மாட்டேன். மொட்டை மாடியில், என் சிற்ப மரத்துக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். மாடிக் கதவுக்குப் புதுப் பூட்டு. சாவி என் இடுப்பில். இவருக்கும் கொடுக்கவில்லை, எங்காவது வைத்துத் தொலைத்துவிடுவார். எந்தப் பாவியின் கை இதைத் தொடுகிறது என்று பார்க்கிறேன்.

சாயங்காலம் அண்டாத் தண்ணீர் ஆறியதும் கன்றுக்கு ஒரு சொம்பு ஊற்றினேன். வளரட்டும்.

மே 9, வெள்ளி

கடைசிக் கிளைக்கு இலை கட்டுகிறேன். முதுகு விட்டுப்போயிற்று. கன்றுக்கு இரண்டு வேளையும் ஊற்றுகிறேன். ஒரு இலை லேசாக வெளுத்த மாதிரி இருக்கிறது. இடம் மாறினால் அப்படித்தான் இருக்கும்.

மே 13, செவ்வாய்

கன்று செத்துவிட்டது.

நான் இதை உட்கார்ந்து எழுதவில்லை. மாடிப்படியிலேயே எழுதுகிறேன். காலையில் பூட்டைத் திறந்தேன். நாலு இலையும் கருகி, தண்டு அடியில் கறுத்து, குனிந்து கிடந்தது. ஓரமெல்லாம் நெருப்பில் வாட்டின மாதிரி. அதே கருகல். கொழுந்தில் பார்த்த அதே கருகல்.

முதலில் சாவியைத்தான் தொட்டுப் பார்த்தேன். இடுப்பில் இருந்தது. பூட்டைப் பார்த்தேன். நல்ல பூட்டு. பக்கத்து மாடியிலிருந்து தாண்டி வர வழியில்லை. யாரும் வரவில்லை. என்னைத் தவிர யாரும் வரவில்லை.

தொட்டி மண் மேலே வெள்ளையாகப் பூத்திருந்தது. இவர் வாசலில் தோண்டி எடுத்த மண்ணில் பார்த்த வெள்ளை. விரலில் தொட்டேன். சோடா மாவு போல இருந்தது. சோடா மாவு போல என்ன, சோடாவேதான்.

பக்கத்தில் அண்டா. அதற்குப் பக்கத்தில் வாளி. வாளியை மோந்து பார்த்தேன்.

ஐயோ.

ஊறப் போட்ட காலத்தில் அது இலைத் தண்ணீர். எரு. பிப்ரவரியிலிருந்து அது சோடாத் தண்ணீர். தண்ணீர் மாறியது, வாளி மாறவில்லை, என் கை மாறவில்லை. என் விரலையே எரித்த தண்ணீரை, கையுறை போட்டுக்கொண்டு தூக்கிப் போய், அந்தச் சிமெண்ட் வட்டத்துக்குள், வெளியே ஓட வழியில்லாத மண்ணில், தினமும் நானே ஊற்றியிருக்கிறேன். வாட வாட அதிகமாக ஊற்றியிருக்கிறேன்.

நாச்சிமுத்து அண்ணன் ஒரு சொட்டு ஊற்றவில்லை.

மே 14, புதன்

இவருக்குத் தெரிந்திருக்கிறது.

நேற்று ராத்திரி சொன்னேன். அதிர்ந்து போவார் என்று பார்த்தால், தலையைக் குனிந்துகொண்டு, "ம்" என்றார். அந்த "ம்"மில் என் ரத்தம் சுண்டிவிட்டது.

"எப்பயிருந்து தெரியும்?"

"கொழுந்து கருகின அன்னிக்கே சந்தேகம். நாச்சிமுத்துவும் எங்கிட்ட வந்து சொன்னாப்ல, சோடா நெடி அடிக்குது, டீச்சர்கிட்ட நீங்களே பதமாச் சொல்லிப்போடுங்கன்னு. அது சண்டைக்கு முன்னாடி."

"அப்புறம் ஏன் சொல்லல? நடுத்தெருவுல அந்த மனுசனை நான் பாவின்னு கத்தறேன், நீங்க பாத்துட்டு நிக்கறீங்க?"

"மொத நாளே சொன்னனே, சாக்கடைல ஊத்துன்னு. நீ என்ன சொன்னே?" என்றார். பிறகு மெதுவாக, "அதுக்கப்புறம் பயமா இருந்துச்சு லோகு" என்றார்.

"எதுக்குப் பயம்?"

"உன்னைப் பாத்துத்தான்."

நான் எத்தனையோ அதிர்ச்சியை இந்த டைரியில் எழுதிவிட்டேன். இதற்கு எழுத எனக்கு வார்த்தை இல்லை. கம்பத்தின் உச்சியில் கரண்டுக்கு நடுவில் வேலை பார்த்த மனுஷன் இவர். எனக்குத் தெரியாமல் மண்ணைத் தோண்டி, லாரித் தண்ணீர் விட்டு, என்னிடமிருந்தே என் மரத்தைக் காப்பாற்றப் பார்த்திருக்கிறார். வாயைத் திறக்க மட்டும் துணிச்சல் வரவில்லை. அந்தக் கன்றைக் கூட நான் பார்த்துப் புரிந்துகொள்வேன் என்றுதான் கொடுத்தாரா என்று கேட்டேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார்.

கோபம் வருகிறது. யார் மேல் என்று தெரியவில்லை.

மே 18, ஞாயிறு

மாப்பிள்ளை வீட்டார் இன்று கடைசிப் பேச்சுக்கு வருகிறார்கள் என்று தெருவுக்கே தெரியும். கார் வந்து நின்றதும் கிளம்பினேன். ஒரு கையில் வாளி, அண்டாவில் மிச்சமிருந்த தண்ணீரோடு. இன்னொரு கையில் செத்த கன்று. இவர் பின்னாலேயே வந்தார்.

கூடத்தில் ஏழெட்டுப் பேர். நாச்சிமுத்து அண்ணன் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார், என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். மறுபடியும் சண்டைக்கு வந்திருக்கிறேன் என்று நினைத்திருப்பார். பூவாத்தா அக்கா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். அந்தப் பெரியப்பா மீசைக்காரர்.

"நீங்க யாருங்?" என்றார்.

"பக்கத்து ஊடு. லோகநாயகி. அரச மரத்தை இவரு கொன்னாருன்னு ஊரெல்லாம் சொன்னது நாந்தான். கொன்னதும் நாந்தான்."

சோடாவிலிருந்து பூட்டிய மாடி வரைக்கும் சொன்னேன். பெரியப்பா கேட்டுவிட்டு, மீசையைத் தடவிக்கொண்டு, "சம்பந்தி சொல்லிக் குடுத்து வந்தீங்களா?" என்றார்.

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "ஏனுங், என்னைச் சொல்லிக் குடுத்து வர வெக்கறதுக்கு இந்தத் தெருவுல ஒரு ஆளு இன்னும் பொறக்கலீங்க! எங்கூட்டுக்காரரே ரெண்டு மாசமா எங்கிட்டச் சொல்ல முடியாமத்தான் மண்ணு தோண்டிட்டு இருந்தாரு! நம்பலீன்னா கையை உள்ள வுடுங்க!" என்று வாளியை அவர் முன்னால் நங்கென்று வைத்தேன்.

அவர் ஒரு விரலை விட்டார். எடுத்துத் தேய்த்துப் பார்த்தார். வழவழத்தது. எரிந்திருக்கும். வேட்டியில் துடைத்துக்கொண்டு, பின்னால் நின்ற இவரைப் பார்த்தார். இவர் தலையை ஆட்டினார். பெரியப்பா நாச்சிமுத்து அண்ணன் பக்கம் திரும்பி, "சம்பந்தி, தேதி அப்புடியே இருக்கட்டும்" என்றார்.

நான் அண்ணனிடம் போனேன். "பாவின்னு சொன்னேன். அது என்னைச் சேர வேண்டியதுங்கண்ணா. மன்னிச்சுப்போடுங்க." அவர் திரும்பி உள்ளே போய்விட்டார். அவர் பேசியிருக்க வேண்டும் என்று கேட்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

மே 19, திங்கள்

மளிகைக்கடை, பால்காரர், இஸ்திரிக்காரர், மாடி வீட்டு வாத்தியார். ஒவ்வொருவரிடமாகப் போய்ச் சொன்னேன். பழி சொன்னபோது நான் போக வேண்டியிருக்கவில்லை, அதுவே போயிற்று.

மே 24, சனி

கோயம்புத்தூர். என் மரம் நடு ஹாலில் நிற்கிறது. விளக்கு பட்டதும் ஒவ்வொரு இலை நரம்பும் தனித்தனியாகத் தெரிகிறது. கொண்டு வரவே கூடாது என்றுதான் இருந்தேன். இவர்தான் வண்டியில் ஏற்றச் சொன்னார். "மரம் போனதுக்கு இதாவது இருக்கட்டும்" என்றார்.

ஒரு அம்மா வெகு நேரம் பார்த்துவிட்டு வந்து, "எவ்வளவு இலைங்க இருக்கும்?" என்று கேட்டாள்.

"ஒரு மரம்" என்றேன். அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் அவள் முகம் மாறிவிட்டது. தீபிகா ஓடி வந்து என்னை அழைத்துப் போனாள்.

மே 31, சனி

மழை தொடங்கிவிட்டது. வாசல் மரத்தில் ஒன்றும் துளிர்க்கவில்லை. அடியில் ஒரு பக்கம் நகத்தால் சுரண்டினால் கொஞ்சம் பச்சை தெரிகிற மாதிரி இருக்கிறது. பச்சையா, என் ஆசையா தெரியவில்லை.

பூவாத்தா அக்கா வெற்றிலை பாக்கோடு வந்து முறையாக அழைத்தாள். அரசாணிக்காலுக்கு அவள் பிறந்த ஊரிலிருந்து கிளை வருகிறதாம். "அண்ணன் ஏதாச்சும் பேசறாருங்களா?" என்றேன். "அவரு ஆரோடயும் பேசறதில்ல, வேலை பாக்கறாரு. நீ வா" என்றாள்.

ஜூன் 5, வியாழன்

போகாமல் இருந்துவிடலாமா என்று பட்டுப்புடவையைக் கட்டி, அவிழ்த்து, மறுபடி கட்டினேன். போனோம். கடைசி வரிசையில் உட்கார்ந்தேன்.

அரசாணிக்கால் நட்டிருந்தார்கள். மூன்று கவையிலும் பச்சை இலை, மஞ்சள் துணி சுற்றி. சுமங்கலிகள் ஒவ்வொருவராகப் போய் அதன் அடியில் பால் கலந்த நீர் வார்க்க வேண்டும். நாலைந்து பேர் வார்த்தார்கள். அடுத்து பூவாத்தா அக்கா கூட்டத்தைப் பார்த்து, "லோகு, வா!" என்று சத்தமாகக் கூப்பிட்டாள்.

எங்கள் தெரு முழுவதும் அங்கேதான் உட்கார்ந்திருந்தது. வேண்டாம் என்று கையை ஆட்டினேன். இவர் என் முழங்கையைப் பிடித்து எழுப்பிவிட்டார். எப்படி நடந்தேன் என்று தெரியவில்லை. மணவறையிலிருந்து தாரிணி பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா என் கையில் சொம்பைக் கொடுத்தாள்.

கிளைக்குப் பக்கத்தில் குனிந்தேன். என் கை சாயவில்லை. சாய்க்கவே முடியவில்லை. என்ன செய்கிறேன் என்று எனக்கே தெரியாமல் சொம்பை மூக்குக்குக் கொண்டுபோய் மோந்து பார்த்தேன். அது போதாமல் உள்ளங்கையில் கொஞ்சம் விட்டு, நாக்கில் வைத்துப் பார்த்தேன். யாரோ ஒரு பெண் சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள்.

பக்கத்தில் ஒரு வேட்டி வந்து நின்றது. நிமிர்ந்து பார்த்தேன். நாச்சிமுத்து அண்ணன். ஏப்ரலுக்குப் பிறகு இன்றைக்குத்தான் என்னிடம் பேசினார்.

"பாலும் தண்ணியும்தானுங் டீச்சர். நானே மொண்டு வெச்சது. ஊத்துங்க."

ஊற்றினேன். பாதி என் புடவையில் சிந்திவிட்டது.